கதவோரம் நின்ற குரல்

‘தகரக் கப்பல்’ படத்தை மறுபடியும் எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்த அன்று, ஜாஸ்மின் சேலையூரில் தான் வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். மேசை மேல் இருந்த போன் விடாமல் அதிர்ந்தது. ஊசியை உருவி, பஞ்சை வைத்து, கையை மடக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு எடுத்துப் பார்த்தாள். ‘தகரக் கப்பல் பயணிகள்’ வாட்ஸப் குழுவில் செய்திகள் வந்து குவிந்திருந்தன. முதல் செய்தி, குழுவை நடத்தும் அனந்தகிருஷ்ணன் போட்டது. குரோம்பேட்டைக்காரர், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். “நம்ம கப்பல்ல ஓட்டை போடப் போறாங்க” என்று எழுதியிருந்தார்.

அது எண்பத்தெட்டில் வந்த படம். குப்பத்துப் பிள்ளைகள் சிலர் எண்ணெய் டின்களையும் கூரைத் தகரத்தையும் சேர்த்து ஒரு கப்பல் கட்டி, புயலில் காணாமல் போன தோழியைத் தேடிக்கொண்டு போகிற கதை. பெரிய நடிகர்கள் யாரும் இல்லை. தியேட்டரில் ஓடியதைவிட டிவியில் ஓடியதுதான் அதிகம். கோடை லீவுக்கு ஒரு தடவை, குழந்தைகள் தினத்துக்கு ஒரு தடவை என்று போட்டுப்போட்டு, அந்த வயதுக்காரர்களுக்கெல்லாம் வசனம் மனப்பாடமாகிவிட்டது. இப்போது அவர்களுக்கு நாற்பத்தைந்து, ஐம்பது வயது. நரைக்குச் சாயம் பூசிக்கொண்டு, சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, அந்தப் படத்தைப் பற்றி மட்டும் பத்து வயதுப் பிள்ளைகளைப் போலப் பேசிக்கொள்வார்கள்.

முன்னோட்டம் வெளிவந்ததும் குழு கொதித்தது. கப்பலுக்கு விளக்கெல்லாம் போட்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கு உதவி செய்ய ஒரு மாமா வந்திருந்தார். அவருக்கு இரண்டு சண்டைகள். தாலாட்டுப் பாட்டை அடிதடிப் பாட்டாக மாற்றியிருந்தார்கள். “என் பையன் இதுதான் தகரக் கப்பல்னு நெனச்சுக்குவான் சார், அதான் வயிறு எரியுது” என்று ஒருவர் எழுதினார். ஜாஸ்மினுக்கும் எரிந்தது. பழைய கப்பல் தண்ணீரில் இறங்கும்போது டின்கள் ஒன்றோடொன்று இடித்துக் கடகடவென்று சத்தம் போடும். புதுக் கப்பல் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. “தகரம் மாதிரியே இல்லையே” என்று அவளும் எழுதினாள். ஆனால் அவள் பயந்தது அதற்கல்ல. அந்தப் பயத்தை அவள் குழுவில் சொன்னதே இல்லை.

படத்தின் கடைசியில், கடற்கரை விளக்குத் தூண் மேல் ஒரு சின்னப் பையன் நிற்பான். தூரத்தில் கப்பல் தெரிந்ததும், “கப்பல் வந்துடுச்சு! எல்லாரும் ஓடி வாங்க!” என்று கத்துவான். திரையில் வாயசைத்தவன் தமிழ் தெரியாத ஏதோ ஒரு பையன். கத்தியது ஜாஸ்மினின் தம்பி பென்னி.

அப்போது அவர்கள் பல்லாவரத்தில் இருந்தார்கள். அப்பா தனசிங் ஒரு தோல் கிடங்கில் கணக்கர். அம்மா புஷ்பம் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். ஞாயிறு பள்ளி டீச்சருக்குச் சினிமாவில் ஒலிப்பதிவு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் இருந்தார். ஒரு படத்துக்குப் பிள்ளைகள் கூட்டமாகக் கத்துவது போலக் குரல் வேண்டும், சர்ச் பிள்ளைகள் என்றால் சொன்னபடி கேட்பார்கள் என்று அக்காவிடம் சொல்ல, அவர் பாட்டுக் குழுவிலிருந்து எட்டுப் பேரை வேனில் ஏற்றி வடபழனி பக்கம் ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஜாஸ்மினுக்குப் பத்து வயது, பென்னிக்கு ஏழு.

அறைக்குள் மைக் ஒன்றுதான் இருந்தது. எல்லோரையும் அதைச் சுற்றி நிற்க வைத்துக் கத்தச் சொன்னார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு வெளியே வந்தார்.

“டேய், யாருடா அது? ஒருத்தன் மட்டும் லாரி ஹாரன் மாதிரி அடிக்கிறான்.”

எட்டுப் பேரில் ஏழு பேர் பென்னியைக் காட்டினார்கள்.

“நீ பின்னாடி போ. இன்னும் பின்னாடி. கதவுகிட்ட நில்லு. அங்கருந்து கத்து.”

பென்னி கதவோரம் போய் நின்றான். முகம் தொங்கிப்போயிற்று. ஜாஸ்மினை மைக்குக்கு முன்னால் நிறுத்தினார்கள். அவள் குரல் மணி போல இருக்கிறது என்று ஒருவர் சொன்னதில் அவளுக்குப் பெருமை. கூட்டக் குரல் எடுத்து முடிந்ததும், விளக்குத் தூண் பையனுக்குப் பேச வேண்டிய ஆள் வரவில்லை என்று வெளியே பேசிக்கொண்டார்கள். கண்ணாடிக்காரர் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

“அந்த லாரி எங்க?”

அந்த ஒரு வரியை பென்னி நாலைந்து தடவை சொன்னான். அவனுக்கு மேல் முன்பல் இரண்டும் விழுந்திருந்த சமயம். “வந்துடுச்சு” என்று சொல்லும்போது கடைசியில் காற்று விசில் போலப் போகும். அதை மாற்ற முடியாமல் சிரித்துவிட்டு அப்படியே வைத்துக்கொண்டார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் வேனில் அவன் ஜன்னலோர இருக்கையில் எழுந்து நின்று, கிண்டி வந்துடுச்சு, மீனம்பாக்கம் வந்துடுச்சு, எல்லாரும் ஓடி வாங்க என்று கத்திக்கொண்டே வந்தான்.

படம் வந்த இரண்டாம் வருஷம் பென்னிக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. ஒரு வாரம்கூட இருக்கவில்லை. அவர்கள் வீட்டில் டேப்ரெக்கார்டர் கிடையாது. அவன் போன பிறகுதான் வாங்கினார்கள். போட்டோ இரண்டு இருந்தன. குரல் அந்தப் படத்தில் மட்டும் இருந்தது.

அதனால் அந்த வீட்டில் ஒரு பழக்கம் உண்டானது. நவம்பரில் பென்னியின் நினைவு நாளுக்கு ஆயர் வந்து ஜெபம் செய்வார். சபையில் நெருக்கமானவர்கள் வருவார்கள். பாட்டு, வேதவாசிப்பு, ஜெபம். ‘ஆமென்’ சொல்லி முடிந்ததும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். புஷ்பம் டிவியைப் போடுவாள். விளக்குத் தூண் வரும். பென்னி கத்துவான். அதற்குப் பிறகுதான் காபி. ஆரம்ப வருஷங்களில் அப்பா எங்கிருந்தோ ஒரு வீடியோ கேசட் வாடகைக்குக் கொண்டுவருவார். பின்னால் இரண்டு வட்டுகளாக விசிடி வந்தது, அதை வாங்கினார்கள். அப்பா இறந்தபோது அவருடைய சவ அடக்கம் முடிந்து வந்தவர்களுக்கும் அம்மா அதைப் போட்டுக் காட்டினாள். சிட்லபாக்கத்துக்குக் குடிவந்த பிறகு, பெருவெள்ளத்தில் ஏரித் தண்ணீர் இடுப்பளவு வீட்டுக்குள் வந்தபோது, விசிடியும் அதைப் போடும் பெட்டியும் போய்விட்டன. அதுவும் பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் முழுப் படத்தையும் யூட்யூபில் ஏற்றியிருந்தார். புஷ்பத்துக்குப் படம் முழுக்கப் பார்க்கும் பொறுமை எப்போதுமே இருந்ததில்லை. “கடைசிலேருந்து போடு” என்பாள். அந்தக் கடைசி ஐந்து நிமிஷம் எங்கே தொடங்குகிறது என்று ஜாஸ்மினின் கட்டை விரலுக்குத் தெரியும்.

புதுப் படத்தின் முன்னோட்டம் வந்த வாரத்தில் அந்த விரல் தொட்ட இடத்தில் படம் இல்லை. கறுப்புக் கட்டத்துக்குள், இந்த வீடியோ இப்போது கிடைக்காது என்று இருந்தது. பழைய படத்தின் உரிமையையும் சேர்த்து வாங்கிவிட்டவர்கள் அதை எடுக்கச் சொல்லிவிட்டார்கள் என்று குழுவில் சொன்னார்கள். யாரிடமாவது படம் இருக்கிறதா என்று ஜாஸ்மின் கேட்டாள். இருக்கிறது என்று பலர் அனுப்பினார்கள். எல்லோரும் அனுப்பியது அதே லிங்க். படம் எப்போதும் அங்கேயே இருக்கும் என்று நம்பி, எல்லோரும் லிங்க்கை மட்டும் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். ஜாஸ்மினும் அப்படித்தான்.

அம்மாவிடம் சொல்ல வேண்டும். நவம்பருக்கு முன் எப்படியாவது ஒரு பிரதி கிடைத்துவிட்டால் சொல்லவே வேண்டியதில்லை. இதற்கிடையில் புஷ்பமே ஒரு செய்தியோடு வந்தாள்.

“ஜாஸ், நம்ம படம் திரும்ப தியேட்டருக்கு வருதாமே?”

“அது வேறம்மா.”

“என்ன வேற? அதே பேரு, அதே கப்பல். ஸ்டேஷன் பக்கத்துல இவ்ளோ பெரிய போஸ்டர் ஒட்டிருக்கான். பக்கத்து வீட்டு பாலாம்பாள் மாமி போன மாசம் போய் பாத்துட்டு வந்தாளே, அவ கல்யாணத்துக்கு முன்னாடி வந்த படத்த. புதுசா சவுண்டு எல்லாம் போட்டு, கண்ணாடி மாதிரி இருந்துச்சாம். அந்த மாதிரி நம்மளதும் போடறான்.”

“இது புதுசா எடுத்திருக்காங்கம்மா. வேற பசங்க.”

“பசங்க வேறதாண்டி. அப்பவும் வேற பையன்தானே நின்னான்? குரல்தானே நம்மது.”

ஜாஸ்மின் வாயைத் திறந்தாள். பழைய படங்களை மெருகேற்றி மறுபடி வெளியிடுவது ஊரெங்கும் நடந்துகொண்டிருந்த நேரம். எழுபத்து நாலு வயதில் அம்மா அதையும் இதையும் ஒன்றாக நினைத்ததில் ஆச்சரியமில்லை. இன்னொரு தடவை விளக்கிச் சொல்லியிருக்கலாம். ஆனால் புஷ்பம் அதற்குள் அடுத்ததைச் சொல்லிவிட்டாள்.

“தியேட்டர்ல அவன் குரல நான் கேட்டதே இல்லடி. அப்ப உங்கப்பா கூட்டிட்டுப் போறேன் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லி, படத்தையே தூக்கிட்டான். இந்தச் சின்ன டிவியிலதான் கேட்டேன். அங்க எவ்ளோ பெருசா கேக்கும்!”

விளக்கிச் சொல்வதை ஜாஸ்மின் அத்தோடு விட்டுவிட்டாள்.

அவளுக்கு ஒரு சின்ன நம்பிக்கையும் இருந்தது. படத்தின் இயக்குநர் ஒரு பேட்டியில், பழைய படத்தின் உயிரை ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் கொண்டுவந்திருக்கிறோம் என்று சொல்லியிருந்தார். குழு அதைப் போட்டுக் கிழித்தது. “உயிர் மட்டும்தான் இருக்கும், உடம்பு இருக்காது” என்று அனந்தகிருஷ்ணன் எழுதினார். ஜாஸ்மின் மட்டும் அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். மரியாதைக்காகப் பழைய குரலை ஒரு இடத்தில் வைப்பது இப்போது வழக்கம்தானே? படத்தை எடுத்த நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினாள். தம்பி பெயர், அந்த வரி, அவன் இப்போது இல்லை என்பது எல்லாம் எழுதினாள். பதில் வரவில்லை. இல்லை என்றும் வரவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் கணவன் பிரிட்டோ மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். அதிகம் பேச மாட்டான். “சொல்லிடு ஜாஸ்” என்றான். “தியேட்டருக்குப் போய் தெரியறதவிட வூட்லயே தெரிஞ்சுடட்டும்.”

“இருந்துச்சுன்னா?”

“இல்லன்னா?”

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் புஷ்பம் சபை வாசலில் நின்று எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். என் மகன் குரல் தியேட்டரில் வரப்போகிறது, முதல் நாளே போகிறோம், எல்லோரும் வர வேண்டும். வருஷா வருஷம் அந்த வீட்டில் ஆமெனுக்குப் பிறகு காத்திருந்தவர்கள் அவர்கள். எப்படி மறுப்பார்கள்? ஆயரின் மனைவி ஜெரூஷா போனிலேயே ஒரு வரிசை முழுக்க முன்பதிவு செய்துவிட்டாள். பாட்டுக் குழுத் தலைவர் ஜாய்சன், “ஆன்ட்டி, பென்னி வர்றப்போ நாங்க விசில் அடிப்போம், நீங்க கோச்சுக்கக் கூடாது” என்றார். “அவனே அடிப்பான்டா விசில்” என்றாள் புஷ்பம். எல்லோரும் சிரித்தார்கள்.

படம் பார்க்கப் போன அன்று அவள் கிறிஸ்துமஸ் சேலையைக் கட்டிக்கொண்டாள்.

தாம்பரம் தியேட்டரில் அவர்களுடைய வரிசை நிரம்பியது. முதல் பாதி எப்படியோ போயிற்று. மாமா இரண்டு சண்டைகளையும் போட்டார். ஜாய்சன் இரண்டாம் சண்டையின் நடுவில் பாப்கார்ன் வாங்கிக்கொண்டு வந்து வரிசை முழுக்க அனுப்பினார். இடைவேளைக்குப் பிறகு புஷ்பம் எதையும் சாப்பிடவில்லை. கைப்பையை மடியில் வைத்து அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டிருந்தாள். புயல் வந்தது. தோழி கிடைத்தாள். கப்பல் திரும்புகிறது. கடற்கரையில் ஊரே கூடி நிற்கிறது. வரிசையில் இருந்த எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். ஜெரூஷா முன்னால் குனிந்து புஷ்பத்தைப் பார்த்துப் புன்னகை செய்தாள். ஜாஸ்மின் அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரையில் ஒரு ட்ரோன் மேலே எழும்பியது. கடலுக்கு மேல் பறந்தது. மாமாவின் கையில் இருந்த போனில் கப்பல் சின்னப் புள்ளியாகத் தெரிந்தது. அவர் போனை உயர்த்திக் காட்டினார். இசை முழங்கியது. எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

விளக்குத் தூண் இல்லை. யாரும் எதையும் கத்தவில்லை.

பெயர்கள் ஓடத் தொடங்கும்போதே விளக்கைப் போட்டுவிட்டார்கள். துடைப்பத்தோடு இரண்டு பெண்கள் உள்ளே வந்தார்கள். மற்ற வரிசைகள் காலியாகின. இவர்கள் வரிசை மட்டும், ஆமெனுக்குப் பிறகு உட்கார்ந்திருப்பது போலவே, எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தது.

ஜாய்சன்தான் முதலில் கேட்டார். “ஆன்ட்டி, நான் பாப்கார்ன் வாங்கப் போனேனே, அப்பவா வந்துச்சு?”

“எனக்கும் கேக்கலையே” என்று யாரோ மெல்லச் சொன்னார்கள்.

சொல்ல வேண்டியது தான்தான் என்று ஜாஸ்மின் எழுந்தாள். அதற்குள் புஷ்பம் சேலை முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள்.

“வந்துச்சே. கடைசியில எல்லாரும் கூட்டமா சந்தோஷப்படறாங்க இல்ல, அதுக்குள்ள வந்துச்சு. நீங்கதான் தின்னுட்டே இருந்தீங்க. உங்களுக்கு எங்க கேக்கும்?”

ஜெரூஷா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் கேட்டேன் ஆன்ட்டி. நல்லா க்ளியரா இருந்துச்சு.”

“ஆமா ஆமா” என்றார் ஜாய்சன். “இப்ப நினைச்சா எனக்கும்...”

எல்லோரும் வெளியே வந்து போஸ்டருக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். புஷ்பம் நடுவில் நின்றாள்.

ஆட்டோ சானடோரியத்தைத் தாண்டியது. புஷ்பம் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“இருக்கும்னு நினைச்சேம்மா. கொஞ்சம் நினைச்சேன்.”

“பையன விடு. அவங்களுக்கு யாரோ எவனோ. அந்தத் தூணையே எடுத்துட்டாங்களேடி. ஏறி நிக்கறதுக்கு ஒரு இடமாவது விட்டு வெச்சிருக்கலாம்.”

ஜாஸ்மின் அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வேலையில் தினமும் எத்தனையோ கைகளைப் பிடிப்பவள். இந்தக் கையில் நரம்பு தேடினால் கிடைக்காது என்று தோன்றியது.

“சரி, வீட்ல போய் பழச போடு. எனக்குக் கேக்கணும்.”

அப்போது சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. “பழசையும் எடுத்துட்டாங்கம்மா.”

“எடுத்துட்டாங்கன்னா?”

“எங்கயும் இல்ல.”

ஆட்டோக்காரர் கண்ணாடியில் ஒரு முறை பின்னால் பார்த்துவிட்டுப் பாட்டை நிறுத்தினார். வீட்டுக்கு வந்ததும் புஷ்பம் சேலையை மாற்றி, மடித்து, பீரோவில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

ஜாய்சன் அந்தப் போட்டோவை ஃபேஸ்புக்கில் போட்டிருந்தார். மறுநாள் அது குழுவுக்குள் வந்தது. படத்தை யாரும் பார்க்கக் கூடாது என்று அனந்தகிருஷ்ணன் முன்னமே கட்டளை போட்டிருந்தார். இப்போது போட்டோவில் ஜாஸ்மினைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு எழுதினார்: “ஓட்டை போட்டவனுக்கே டிக்கெட் எடுத்துக் குடுத்துட்டீங்களா மேடம்? ஒரு வரிசை முழுக்க! பலே.” கீழே சிரிக்கும் முகங்கள் வரிசையாக விழுந்தன.

ஜாஸ்மின் அன்றுதான் எழுதினாள். விளக்குத் தூண் பையனின் குரல் என் தம்பியுடையது. அவன் ஒன்பது வயதில் இறந்துவிட்டான். என் அம்மாவுக்கு அந்த ஒரு வரியைத் தவிர அவன் குரல் வேறு எங்கும் இல்லை. அதற்காகத்தான் போனோம். அது அங்கே இல்லை.

சிரித்த முகங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. சாயங்காலம் அனந்தகிருஷ்ணன் போன் செய்தார். அவர் குரலை அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. எழுத்தில் இருந்த அதட்டல் குரலில் இல்லை.

“மன்னிச்சுக்கோம்மா. அந்த வசனத்த நான் எத்தனை தடவ பேரப் பசங்ககிட்ட கத்திக் காட்டியிருக்கேன் தெரியுமா? அந்த விசிலோட சேத்துதான் கத்துவேன். அது வேணும்னே செஞ்சதுன்னு நினைச்சிட்டிருந்தேன்.”

“பல்லு விழுந்திருந்துச்சு சார்.”

பிறகு சொன்னார். “எங்கிட்ட பாட்டுக் கேசட்தான் இருக்கு. வசனம் இல்ல. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைல குப்பன்னு ஒருத்தர் பழைய வட்டெல்லாம் வெச்சிருப்பார். போய்ப் பாரு.”

வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுப் போனாள். உடைந்த மிக்சிகள், புறாக் கூண்டுகள், ஒரு கால் இல்லாத நாற்காலிகள் எல்லாவற்றையும் தாண்டி, தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருந்தார் குப்பன்.

“இன்னா படம்க்கா?”

“தகரக் கப்பல்.”

“அதான் தேட்டர்ல ஓடிகினு கீதே.”

“பழசு வேணும்.”

“அல்லாரும் பழசுதான் கேக்குறீங்க. வூட்ல வெச்சிருந்தப்ப தூக்கிக் கடாசிட்டு, இப்ப எங்கையில வந்து கேக்குறது.” சாக்கு மூட்டை ஒன்றை அவள் பக்கம் தள்ளினார். “இதுல கீதா பாரு. இல்லாங்காட்டி அதுல பாரு.”

இரண்டாவது மூட்டையின் அடியில் இருந்தது. அட்டை வெளுத்திருந்தாலும் கப்பல் தெரிந்தது. அவசரமாகத் திறந்தாள். இரண்டு வட்டு வைக்கும் இடத்தில் ஒன்று இருந்தது. ‘1’ என்று போட்டிருந்தது.

“இன்னொண்ணு எங்க?”

குப்பன் வாங்கிப் பார்த்தார். அட்டையைக் கவிழ்த்துத் தட்டினார். “அது இல்லியா? எவனோ மீதிப் பாதிய எத்துகினு பூட்டான். வுடு, வேற படம் பாத்து எட்த்துக்கோ. பாதிக் கதைய வெச்சுகினு இன்னா பண்ணுவே?”

“பரவால்ல. இதையே குடுங்க.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் மூட்டையைக் கொட்டி, தானே ஒவ்வொன்றாகத் திறந்து தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. “அடுத்த வாரம் வா. கண்ணுல பட்டா எட்த்து வெக்கிறேன்” என்றார். அடுத்த வாரமும் போனாள். அதற்கடுத்த வாரமும் போனாள்.

நினைவு நாள் வந்தது. ஆயர் ஜெபித்து முடித்து ஆமென் சொன்னார். பழக்கத்தில் எல்லோரும் டிவியைப் பார்த்தார்கள். பிறகு தரையைப் பார்த்தார்கள். புஷ்பம் நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

“காபி ஆறிடும். எடுத்துக்குங்க.”

எல்லோரும் போன பிறகு, வெளிச்சம் இன்னும் இருக்கும்போதே, பிரிட்டோ கம்பெனி நண்பரிடம் வாங்கி வந்திருந்த பழைய டிவிடி பெட்டியை டிவியோடு பொருத்தினான். “இதுல கடைசி இல்லம்மா. முதல் பாதிதான்” என்றாள் ஜாஸ்மின். “அப்ப எதுக்கு?” என்று கேட்டாலும் புஷ்பம் எழுந்து போகவில்லை. தரையில் டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பிள்ளைகள் தகரத்தைச் சேர்த்தார்கள். ஆணி அடித்தார்கள். கப்பலை மணலில் தள்ளிக்கொண்டு போய் முதல் முறையாகத் தண்ணீரில் விட்டார்கள். டின்கள் கடகடவென்று இடித்தன. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு நிமிர்ந்தது. “மிதக்குது! மிதக்குது!” என்று பிள்ளைகள் கூட்டமாகக் கத்தினார்கள்.

“இதுல அவன் இருக்கான்மா.”

புஷ்பம் திரும்பிப் பார்த்தாள். “எங்க?”

“இந்தச் சத்தத்துல. எட்டுப் பேரும் சேந்து கத்துனோம். அவன் சத்தம் ஜாஸ்தின்னு அவனைப் பின்னாடி கதவுகிட்ட நிறுத்திட்டாங்க. அதனால தூரத்துல கேக்கும்.”

ஜாஸ்மின் பின்னுக்கு ஓட்டி மறுபடியும் போட்டாள். புஷ்பம் டிவியின் ஓரத்தில் காதை வைத்துக் கேட்டாள். மறுபடியும் போடச் சொன்னாள். மறுபடியும். பிரிட்டோ மின்விசிறியை நிறுத்தினான்.

“கிட்ட வரான்டி. வரும்போதே முன்னாடி ஒரு பொண்ணு கத்தி அவனை அமுக்கிடுது. யாரு பெத்த பொண்ணோ, என்னா தொண்ட!”

ஜாஸ்மின் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“அது நான்தாம்மா.”

புஷ்பம் டிவியிலிருந்து காதை எடுத்தாள். மகளை மேலும் கீழும் பார்த்தாள். நாற்பத்தேழு வயது, கண்ணாடி, தோளில் கிடந்த துண்டு.

“நீயா?”

“என்னைத்தான் மைக்குக்கு முன்னாடி நிறுத்தினாங்க.”

“நீயும் போனேன்னு தெரியும். இவ்ளோ வருஷத்துல உன்னை இதுல கேட்டதே இல்லையே.”

“நீ எப்பவும் கடைசிலேருந்துதானேம்மா போடச் சொல்லுவ.”

புஷ்பம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வெளியே பாலாம்பாள் மாமி கேட்டைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு மறுபடியும் டிவி பக்கம் நகர்ந்து, முன்னைவிட நெருக்கமாக உட்கார்ந்துகொண்டாள்.

“திரும்பப் போடு.”

ஜாஸ்மின் போட்டாள். கப்பல் சாய்ந்தது, நிமிர்ந்தது, பிள்ளைகள் கத்தினார்கள். புஷ்பம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அவள் முன்னால் நிற்பவளைக் கேட்கிறாளா, கதவோரம் நிற்பவனையா என்று ஜாஸ்மின் கேட்கவில்லை. சத்தம் முடிந்ததும் பின்னுக்கு ஓட்டி, அம்மா சொல்வதற்கு முன்பே மறுபடியும் போட்டாள்.